இசக்கி சொன்ன கனவுகள்

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்று காலை பத்தரை மணிக்கு இசக்கியை அவள் அப்பாவிடம் ஒப்படைத்தார்கள். மூன்று கையெழுத்துகளில் கடைசி என்னுடையது. ‘வளர்ப்புத் தாய்’ என்று அச்சடித்திருந்த கோட்டின் மேல் ஜெயசீலி என்று போட்டேன். பேனா நன்றாக எழுதியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு வருடம், இரண்டு மாதம். வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. அம்மா மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா கொம்பையாவுக்கு உப்பளத்தில் வேலை. பெண்டாட்டி போனதும் குடியில் விழுந்தான். பிள்ளை பஸ் ஸ்டாண்டில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து யாரோ புண்ணியவான் போன் செய்ய, அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. இப்போது கொம்பையா மருந்து சாப்பிட்டுக் குடியை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பெற்றவன் திருந்தினால் பிள்ளை அவனிடம் போவதுதான் முறை. முறை தெரியாதவளா நான்?

சமூகப் பணியாளர் பெனிட்டா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அக்கா, பிள்ளையத் திருப்பி அனுப்புறதோட வேலை முடியாது. அனுப்புன பிறகுதான் வீடு உடையும். ஆறு மாசம் சனிக்கிழமைதோறும் நீங்க போய்ப் பாக்கணும். பாத்தத எழுதிக் குடுங்க. ஆனா அவர் செய்ய வேண்டியத நீங்க செஞ்சிராதீங்க. பக்கத்துல நின்னா போதும்” என்றாள். சரி என்றேன். போகச் சொன்னதே பெரிய விஷயம்.

வீட்டுக்கு வந்து, தைக்க வந்திருந்த நாலு பள்ளிக்கூடப் பாவாடைக்கு ஓரம் மடித்தேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காலையில் தோசை வார்க்கும்போது, “என்ன கனவு கண்ட?” என்று கேட்டுவிட்டேன். சமையலறையில் யாரும் இல்லை.

தினமும் கேட்பேன். இசக்கி தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொல்வாள். நான் பிறகு இந்த நோட்டில் எழுதுவேன். மீனுக்குக் காது முளைத்த கனவு. பள்ளிக்கூடம் குடை பிடித்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்து போன கனவு. யாரோ அவளைத் தைத்து, பொத்தான் வைத்து, மாட்டிக்கொண்டு போன கனவு. எத்தனை கனவு! அத்தனைக்கும் நான் பலன் சொல்வேன். கனவில் சாவு கண்டால் ஆயுசு கூடும். கல்யாணம் கண்டால் கெட்டது வரும். விடியற்காலைக் கனவு பலிக்காமல் போகாது.

“ஞாயித்துக்கிழமை மாதா கோயிலுக்கு முத ஆளா போறவ, மத்த நாளெல்லாம் கனவுக்குப் பலன் சொல்லுதா” என்று என் வீட்டுக்காரர் செல்வநாயகம் கேலி செய்வார். துறைமுக எடைமேடையில் வேலை அவருக்கு. நிறுத்துப் பார்க்க முடியாததை அவர் நம்பமாட்டார்.

ஆகஸ்ட் 3, சனி

முதல் சனிக்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கி உப்பளத்து வழியே அரை மணி நேரம் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், அதில் வானம். உப்பு அம்பாரங்கள் வெயிலில் மிதக்கிற மாதிரி இருந்தன. கண் கூசி மூடிக்கொண்டால் மூடிய கண்ணுக்குள்ளும் வெள்ளை. எதிரே ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். சக்கரம் தரையில் படவில்லை என்று சத்தியம் செய்வேன். பக்கத்தில் வந்த பிறகுதான் தரை வந்தது.

கொம்பையா பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான். அம்பாரத்துத் தார்ப்பாயைக் கயிறு போட்டு இறுக்குகிற கை அது. பின்னி முடித்ததும் இசக்கிக்குப் புருவம் இரண்டும் மேலே ஏறிவிட்டது.

“வலிக்குதாட்டி?” என்று கேட்டேன்.

“கண்ணு மூட மாட்டேங்கு பெரிம்மா” என்றாள்.

அவிழ்த்து நானே பின்னக் கை பரபரத்தது. பக்கத்தில் நிற்கத்தான் சொல்லியிருக்கிறார்கள். நின்றேன். “கொஞ்சம் தளர்த்தி விடு கொம்பையா, அது தலை, மூட்டை இல்ல” என்றேன். அவன் சிரித்தான். நல்ல பல்வரிசை.

கிளம்பும்போது கனவு கேட்டேன். “அப்பாவும் நானும் உப்பு மேல சறுக்கு விளையாடுனோம். உப்பு இனிச்சுது” என்றாள். “நல்ல கனவுதான்” என்று எழுந்து செருப்பை மாட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆகஸ்ட் 10, சனி

இன்றைய கனவு: இசக்கி ஒரு பாத்தியில் உட்கார்ந்திருக்கிறாள். வெயிலில் அவளும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பாகிறாள். கூப்பிடுகிறாள், யாருக்கும் கேட்கவில்லை.

மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

ஆகஸ்ட் 24, சனி

மறுபடியும் அழுகைக் கனவு. மறுபடியும் மடி. பிள்ளைக்கு அங்கே மனசு ஒட்டவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றியதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 12, வியாழன்

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். கொம்பையா துணைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தான். போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான். உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.

டீச்சர் என்னைப் பார்த்துத்தான் பேசினாள். வாய்ப்பாட்டில் கெட்டி, கையெழுத்துதான் கோழி கிளறிய மாதிரி என்றாள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். நடுவில் இசக்கி, “டீச்சர், அப்பா இந்தப் பக்கம் இருக்காவ” என்றாள். டீச்சர் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

அந்தப் பிள்ளைக்கு நாக்கு நீளம்.

செப்டம்பர் 28, சனி

நான் இருந்த மூன்று மணி நேரத்தில் ‘அப்பா’ என்று பதினோரு தடவை கூப்பிட்டாள். மீன் குழம்பு அவன் வைத்தது. புளி தூக்கல்தான், ஆனாலும் நன்றாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். நான் ஒன்றும் ஓரவஞ்சனைக்காரி இல்லை.

அக்டோபர் 19, சனி

மழை பிடித்துவிட்டது. உப்பளம் முழுக்க ஒரே தண்ணீர். பாத்தி எது, பாதை எது என்று தெரியவில்லை. அம்பாரங்களை மூடிப் போட்டிருக்கிறார்கள், போர்த்திக்கொண்டு படுத்த ஆட்கள் மாதிரி வரிசையாக இருந்தன. இனி தை வரைக்கும் வேலை கிடையாது. கொம்பையா வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமனாகட்டும் மச்சானாகட்டும், சும்மா இருக்கிற ஆம்பிளைக்குக் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா?

அடுப்படியில் இசக்கியிடம் கனவைக் கேட்டேன். ஏற்கெனவே என் மடியில்தான் இருந்தாள்.

“தண்ணி ஏறி ஏறி வந்துச்சு. நான் அம்பாரத்து மேல நின்னேன். அப்பா ஓடத்துல போயிட்டாவ.”

“உன்னய விட்டுட்டா?”

“ம்.”

“கையில எதும் வச்சிருந்தானா?”

“என்ன மாதிரி?”

“பாட்டில் கீட்டில்…”

என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஆமா. பாட்டில் வச்சிருந்தாவ.”

“எப்ப கண்ட, விடியக்காலையிலயா?”

“விடியக்காலையிலதான் பெரிம்மா.”

இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவள் முடியில் உப்பும் தேங்காய் எண்ணெயும் மணந்தது.

அக்டோபர் 21, திங்கள்

பெனிட்டாவிடம் தாளைக் கொடுத்தேன். ‘குழந்தை தன் தகப்பன் பாட்டிலோடு தன்னை விட்டுப் போவதாகச் சொல்லி அழுகிறாள்’ என்று எழுதியிருந்தேன். கனவு என்ற வார்த்தை இடமில்லாமல் விட்டுப்போயிற்று. மற்றபடி அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

அக்டோபர் 25, வெள்ளி

பெனிட்டா போன் செய்தாள். நேற்று சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். கொம்பையா இல்லை. இசக்கி பக்கத்து வீட்டில் இருந்தாள். வேலை தேடி டவுனுக்குப் போனதாக அவன் பிறகு சொன்னானாம். “நீங்க எழுதுனதயும் வச்சுப் பாத்தா எனக்கு யோசனையா இருக்குக்கா. ஆறாம் தேதி குழந்தைகள் நலக் குழு கூப்பிட்டிருக்கு. அநேகமா பிள்ள கொஞ்ச நாளைக்கு உங்ககிட்டயே வர வேண்டியிருக்கும். இந்தத் தடவ பிரிச்சா மறுபடி சேக்கிறது கஷ்டம்” என்றாள். குரலே சரியில்லை.

“பிள்ளைக்கு எது நல்லதோ அதச் செய்யுங்க” என்றேன்.

அவளுடைய போர்வையைத் துவைத்துப் போட்டேன். மழையில் காயாது. இஸ்திரிப் பெட்டியை வைத்துக் காயவைத்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. இசக்கிக்கு ஊதா கவுன் தைத்து வைத்திருக்கிறேன். கொடுத்தனுப்பவில்லை. இங்கே வந்து போட்டுக்கொள்ளட்டும்.

நவம்பர் 2, சனி

எப்படி எழுதுவது? எழுதத்தான் வேண்டும்.

பதினோரு மணிக்குப் போனேன். கொம்பையா சவரம்கூடச் செய்யவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

“அக்கா, நான் குடிக்கேன்னு எழுதிக் குடுத்திருக்காவளாம். பாட்டிலோட புள்ளய விட்டுட்டுப் போறேன்னு. ஒரு வருசம் நாலு மாசம் ஆச்சு, தொடலக்கா. யாரு சொல்லியிருப்பா? இந்தத் தெருவுல எனக்கு ஆகாதவுக யாரும் இல்லயே.”

நான் குடையை மடக்கினேன். மடக்கின குடையை மறுபடி விரித்து உதறினேன்.

“நீங்க வந்து பாக்குதியள்லா. ஆறாந்தேதி நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. எனக்கு வேற யாரு இருக்கா?” என்று சொல்லிவிட்டு, எனக்கு டீ போடப் பால் வாங்கப் போனான். நான் போய்ச் சொல்லுவேன் என்று நம்பித் தூக்குச் சட்டியோடு மழையில் ஓடினான், பாவி மனுஷன்.

இசக்கி வந்து மடியில் உட்கார்ந்தாள். தலை ஒழுங்காகப் பின்னியிருந்தது. புருவம் இருந்த இடத்தில் இருந்தது. பழக்க தோஷம், “என்ன கனவு கண்ட?” என்றேன்.

அவள் கேட்டாள்: “எது வேணும் பெரிம்மா? அழுகுற கனவா, சிரிக்குற கனவா?”

எனக்குப் புரியவில்லை. “எது வந்துச்சோ அதச் சொல்லு” என்றேன்.

“எனக்குக் கனவே வராது பெரிம்மா. கண்ண மூடுனா விடிஞ்சிரும்.”

“அப்ப இத்தன நாளா சொன்னது?”

“நீங்க கேப்பியள்லா” என்றாள். ஏதோ நான் தண்ணீர் கேட்டதும் மொண்டு கொடுத்தவள் மாதிரி. “சிரிக்குற கனவு சொன்னா நீங்க செருப்பப் போட்டுருவிய. அழுகுற கனவுன்னா மடியில வச்சுக்குவிய, பஸ்ஸக்கூட விட்டுருவிய. அப்பாகிட்ட அழுகுற கனவு சொல்லக் கூடாது. அவியளே அழுதுருவாவ. அப்பாவுக்குச் சிரிக்குறது மட்டுந்தான்.”

“அந்தப் பாட்டில்?”

“அது நீங்க சொன்னதுல்லா.”

கொம்பையா டீ கொண்டுவந்தான். சர்க்கரை சரியாக இருந்தது. குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மழை வெளிச்சத்தில் பக்கமெல்லாம் நீலமாகத் தெரிந்தது. மீனுக்குக் காது முளைத்தது, பள்ளிக்கூடம் நடந்தது எல்லாம் தோசைக்கல் முன்னால் நின்று அந்த நேரத்துக்கு அவள் கட்டியவை. வேறொருத்தி வீட்டில் ஐந்து வயதில் வந்து விழுந்த பிள்ளை, இந்த வீட்டில் என்ன கொடுத்தால் வைத்துக்கொள்வார்கள் என்று பார்த்திருக்கிறது. கனவு கொடுத்தால் வைத்துக்கொள்வார்கள் என்று கண்டுபிடித்திருக்கிறது. நான் கேட்கக் கேட்கக் கொடுத்திருக்கிறது. நானோ அவளுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“நான் சும்மா இருந்துட்டா பிள்ள இங்க வந்துரும்” என்றேன்.

“வந்துரும்” என்றார்.

“அந்த வெயிலுலயும் உப்புலயும் கிடக்குறதுக்கு…”

“ஏளா, வந்துரும். வந்து தினமும் உனக்கு ஒரு கனவு சொல்லும். கேட்டுக்கிட்டு இருப்பியா?”

நான் அழுதேன். அவர் போய்ச் சோற்றை வடித்தார்.

நவம்பர் 6, புதன்

நீளமான மேஜை, அதற்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். தலைவி அம்மா நரைத்த தலை, சாந்தமான முகம். மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. மழைக்கு எல்லோர் குரலும் தூரத்திலிருந்து வருகிற மாதிரி இருந்தது. கொம்பையா வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், மடிப்புக் கலையாமல். இசக்கி வெளியே பெனிட்டாவோடு படம் வரைந்துகொண்டிருந்தாள்.

தலைவி என் தாளைப் படித்தார். “இது நீங்க எழுதினதுதானேம்மா?”

கொம்பையா என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகும்வரைக்கும் வைத்திருக்க வேண்டியதுதான்.

“நான் எழுதுனதுதாம்மா. அது கனவு. கனவுன்னு நான் எழுதல” என்றேன். “அதுவும் அவ கண்ட கனவு இல்ல. நான் மடியில வச்சுக்கிடணும்னு எனக்காகச் சொன்னது. பாட்டில் அவ சொல்லல. அது என் வாயிலருந்து வந்துச்சு. பாட்டிலான்னு நான் கேட்டேன், பிள்ள ஆமான்னுச்சு. பாட்டில் இல்லயேன்னு கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருக்கும்.”

“ஏம்மா அப்படிக் கேட்டீங்க?”

மூன்று நாளாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. “பிள்ள எனக்குத் திரும்பி வரணும்னு இருந்துச்சு” என்றேன். “இந்த மூணு மாசத்துல நான் எழுதாம விட்டத இப்பச் சொல்லிருதேன். இவன் தலை பின்னக் கத்துக்கிட்டான். பள்ளிக்கூடத்துக்கு வந்தான். நான் போன எந்த நாளும் இவன் வாயில வாடை இல்ல. பிள்ள இவன அழவைக்கக் கூடாதுன்னு நினைக்குது. வேண்டாதவனப் பத்தி யாரும் அப்படி நினைக்க மாட்டாங்க.”

பெனிட்டா உள்ளே வந்து, பக்கத்து வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் விசாரித்து வந்ததைச் சொன்னாள். தலைவி இசக்கியைத் தனியாக வைத்துக் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு பிள்ளை அப்பாவிடமே இருக்கட்டும் என்று எழுதினார்கள். மழை முடிகிறவரைக்கும் கொம்பையாவுக்கு ஒரு வேலைக்கு வழி பார்க்கச் சொன்னார்கள்.

கடைசியில் என் விஷயம். “இவங்களுக்குப் பதிலா வேற ஆளைப் போடலாம்” என்றார் ஒருவர். நியாயம்தான். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். தலைவி கொம்பையாவைக் கேட்டார்: “நீங்க என்ன சொல்றீங்க?”

அவன் வெள்ளைச் சட்டையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டான்.

“அவுக வரட்டும்” என்றான். “புள்ளைக்கு வேற யாரு இருக்கா? ஆனா எழுத வேண்டாம்.”

நவம்பர் 9, சனி

போனேன். கொம்பையா “வாங்க” என்றான், ‘அக்கா’ இல்லை. டீ கொடுத்தான். ஊதா கவுனை அவனிடம் கொடுத்தேன். அவன் பிள்ளையிடம் கொடுத்தான்.

இசக்கி கொஞ்ச நேரம் தள்ளியே நின்றாள். “எந்தக் கனவு பெரிம்மா?” என்றாள்.

“கனவெல்லாம் வேண்டாம். சும்மா வா.”

“சும்மாவா?”

“சும்மாத்தான்.”

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மடியின் ஓரத்தில், பஸ்ஸில் இறங்கப் போகிறவள் மாதிரி உட்கார்ந்தாள். முதுகு விறைப்பாக இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. மழை பெய்தது. வெளியே தண்ணீரும் வானமும் ஒன்றாகி, வீடே மெல்ல நகர்கிற மாதிரி இருந்தது. எப்போது என்று தெரியவில்லை, முதுகு தளர்ந்து சாய்ந்தாள். தூங்கிவிட்டாள். எனக்குக் கால் மரத்துப்போயிற்று, அசையவில்லை.

நவம்பர் 30, சனி

கொம்பையாவுக்கு ஒரு கிடங்கில் மூட்டை தைக்கிற வேலை கிடைத்திருக்கிறது. தையல் கோணல். கோணி ஊசியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். “இப்படியாக்கா?” என்றான். அக்கா வந்துவிட்டது.

டிசம்பர் 14, சனி

பெனிட்டாவுக்கு நான் எழுதிக்கொடுப்பதில்லை. இந்த நோட்டில் மட்டும் இன்னும் எழுதிக்கொண்டிருந்தேன். இன்றோடு போதும்.

மழை விட்டு வெயில் வந்திருந்தது. நான் போனபோது அப்பாவும் மகளும் வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலை பாதி பின்னியபடி கிடந்தது. என்னைப் பார்த்ததும் கொம்பையா, “அக்கா, விசயம் தெரியுமா? நேத்து இவளுக்குக் கனவு வந்துச்சாம். நெசமாவே வந்துச்சாம். எந்திரிச்சதும் என்னய உலுப்பி உலுப்பிச் சொல்லுதா. என்ன கனவுன்னா…”

இசக்கி பாய்ந்து இரண்டு கையாலும் அவன் வாயைப் பொத்தினாள். “சொல்லக் கூடாதுப்பா! அது ஒங்ககிட்ட சொன்னது!”

அவன் பொத்திய கைக்குள்ளேயே சிரித்தான். அவளும் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். எரிந்து முடிகிறவரைக்கும் அங்கேயே நின்றேன். பிறகு ரிப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு, அவன் பின்னி முடிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

என்ன கனவு என்று நான் கேட்கவில்லை.